துபாஷியின் மனைவி

செம்பூரில் ஒரு டப்பிங் ஸ்டூடியோவுக்குப் பதினெட்டு வருடம் தமிழ் வசனம் எழுதினேன். பெரும்பாலும் வெளிநாட்டுச் சரித்திரத் தொடர்கள். வாய் அசைவுக்குப் பொருந்தும்படி வாக்கியத்தைக் குறுக்குவது, நீட்டுவது, உதடு மூடுகிற இடத்தில் ஒரு 'ம்' வந்து விழும்படி பார்த்துக்கொள்வது என் வேலை. மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவள் நான். அம்மா பிடிவாதமாகத் தமிழ் படிக்க வைத்ததால் கிடைத்த பிழைப்பு இது.

அந்தத் தொடர்களில் வரும் பெண்களில் பாதிப் பேருக்குக் குரல் கொடுத்தவள் என் தோழி. தாராவியிலிருந்து பஸ் பிடித்து வருவாள். திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம் குடும்பம். கணவர் பை தைக்கும் பட்டறையில் வேலை பார்த்தார். இரண்டு பெண் குழந்தைகள். என்னைவிடப் பத்து வயது சிறியவள். இந்தி மீடியத்தில் படித்தவளுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. நான் வரி வரியாக வாசிக்க, அவள் அதை நாகரி எழுத்தில் எழுதிக்கொண்டு மைக் முன்னால் போய் நிற்பாள். நின்றதும் ராணியாவாள், சூனியக்காரியாவாள், மகனைப் போருக்கு அனுப்பும் தாயாவாள். ஒரே நாளில் மூன்று தலைமுறைப் பெண்களைப் பேசிவிட்டு, சாயங்காலம் பிள்ளைகளுக்குப் பாவ் ரொட்டி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவாள்.

ஒருமுறை அமெரிக்காவின் மேற்கே முதன்முதலில் போனவர்களைப் பற்றிய தொடர் ஒன்று வந்தது. மலைகள், ஆறுகள், தோல் வியாபாரத்துக்காகக் கண்டம் கடந்த ஆண்கள், தாடி, துப்பாக்கி. நான்காவது பகுதியில் ஒரு பழங்குடிப் பெண் இரண்டு சிறுவர்களோடு பனியில் நடந்து போகிறாள். மூன்று நிமிடம் இருக்கும். பின்னணியில் ஓர் ஆண் குரல் அவளைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போகிறது. அவளுக்கு என்று ஸ்கிரிப்டில் இருந்தது ஒரே ஓர் அலறல்.

தோழி ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இவ்வளவு நடந்திருக்கா, இவ ஒரு வார்த்தை பேச மாட்டாளாக்கா?"

"எழுதினவா எழுதலை. நான் என்ன பண்றது?"

"கத்தச் சொன்னா கத்துதேன். எதுக்குக் கத்துதான்னு சொல்லுங்க, அப்பத்தான் வரும்."

எனக்குத் தெரியவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் இணையத்தில் தேடிப் படித்தேன். அடுத்த இரண்டு நாளும் படித்தேன்.

இருநூறு வருடத்துக்கு முந்தைய கதை. அயோவா என்ற பழங்குடியில் பிறந்தவள் அவள். தோல் வியாபாரக் கம்பெனி ஒன்றின் பயணக் கூட்டத்தில் அவள் கணவன் துபாஷி. வழியில் எதிர்ப்படும் குடிகளோடு பேச அவன் தேவை என்பதால் அவளையும் இரண்டு மகன்களையும் சேர்த்துக்கொண்டார்கள். கூட்டத்தில் அவள் ஒருத்திதான் பெண். பயணத்தின் ஆரம்பத்தில் கணவன் அடித்தான் என்று பிள்ளைகளோடு காட்டுக்குள் போய் ஒளிந்திருந்து, மறுநாள் திரும்பி வந்தாள். பிறகு மாதக்கணக்கில் நடை. வயிற்றில் மூன்றாவது பிள்ளை. நடுக் குளிர்காலத்தில், சாப்பாடு தீர்ந்து ஆட்கள் செருப்புத் தோலைக் கூடத் தின்ன யோசித்துக்கொண்டிருந்த நாட்களில், வழியிலேயே அவளுக்குப் பிரசவமானது. கூட்டம் காத்திருக்காமல் முன்னே போய்விட்டது. மறுநாள் கைக்குழந்தையோடு குதிரைமேல் வந்து அவர்களைச் சேர்ந்துகொண்டாள். பார்த்தவர்கள் அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை என்கிற மாதிரி குறித்துவைத்தார்கள். சில நாளில் அந்தக் குழந்தை இறந்தது. அதற்கும் ஒரு வரி. குறிப்புகளில் பல இடங்களில் அவளுக்குப் பெயரும் கிடையாது. துபாஷியின் மனைவி, அவ்வளவுதான்.

இரண்டு வருடம் கழித்து, தோல் வேட்டைக்குப் போன இடத்தில் கணவனும் உடன் இருந்தவர்களும் கொல்லப்பட்டார்கள். மகன்களைக் குதிரையில் ஏற்றிக்கொண்டு அவள் மலையேறித் தப்பித்தாள். பனி வழியை அடைத்தது. குதிரைகளைக் கொன்று இறைச்சியைப் புகையில் காயவைத்தாள். கிளைகளும் தோலும் பாசியும் கொண்டு ஒரு குடிசை கட்டினாள். குதிரை மயிரில் கண்ணி பின்னி எலி பிடித்தாள். ஐம்பது நாளுக்கு மேல் அங்கேயே இருந்துவிட்டு, மீண்டும் நடந்தாள். பனியின் வெளிச்சத்தில் கண் தெரியாமல் போனது. கடைசியில் பிள்ளைகளை ஓர் இடத்தில் மறைத்து வைத்துவிட்டு ஏறக்குறையத் தவழ்ந்து போய், சமவெளியில் இருந்த ஒரு பழங்குடிக் கிராமத்தை அடைந்தாள். பிள்ளைகள் பிழைத்தார்கள். அவளும் பல வருடம் வாழ்ந்தாள்.

இதையெல்லாம் நான் சொல்லி முடித்தபோது தோழியின் டப்பாவில் சோறு அப்படியே இருந்தது.

"இத யாரும் படமா எடுக்கல்லியா?"

"எனக்குத் தெரிஞ்சு இல்லை."

"கரடி கடிச்சவன், கப்பல்ல போனவன்னு எத்தனை பேருக்கு டப்பிங் பண்ணியாச்சு! இவளுக்கு ஒரு படம் இல்லியா?"

அப்படித்தான் திரைக்கதை எழுதத் தொடங்கினோம். ஸ்டூடியோவின் பின்னால் பழைய டேப் அடுக்கி வைத்த அறை ஒன்று இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் அங்கே உட்காருவோம். காட்சியை நான் சொல்வேன். அந்தப் பெண் என்ன பேசுவாள் என்பதை அவள் சொல்வாள். நான் எழுதுவேன். குதிரையைக் கொல்லும் காட்சியில் நீளமாக ஒரு பிரார்த்தனை எழுதியிருந்தேன். தோழி தலையை ஆட்டினாள்.

"இதெல்லாம் பேச அவளுக்கு ஏதுக்கா தெம்பு? பெரியவன்ட்ட, 'தம்பி கண்ணப் பொத்துல'ம்பா. அம்புட்டுதான்."

என் பிரார்த்தனையை அடித்துவிட்டு அவள் சொன்னதை எழுதினேன். எட்டு மாதத்தில் நூற்றிருபது பக்கம் சேர்ந்தது. பிரசவக் காட்சிக்கும் குழந்தை இறக்கும் காட்சிக்கும் மட்டும் வசனம் சொல்ல மாட்டேன் என்றாள். "அதக் கடைசில பாத்துக்கலாம்." நானும் அவசரப்படுத்தவில்லை. அந்த இடத்தில் என்ன நடக்கிறது என்று மட்டும் எழுதி வைத்தேன்.

மாட்டுங்காவில் எங்கள் பழைய பக்கத்து வீட்டுக்காரரின் மகன் அந்தேரியில் வெப் சீரிஸ் தயாரித்துக்கொண்டிருந்தான். அவனிடம் நேரம் கேட்டேன். நாங்கள் இரண்டு பேரும் போனோம். தோழி அன்று புது துப்பட்டா போட்டிருந்தாள். நான் கதையைச் சொல்ல, நடுநடுவே அந்தப் பெண்ணின் வசனங்களை அவள் பேசிக் காட்டினாள். அறையில் இருந்த மூன்று பேரும் போனைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள்.

"ஸ்டோரி சூப்பர் ஆன்ட்டி," என்றான் அவன். "ஒண்ணே ஒண்ணு. அந்தக் கைக்குழந்தை சாவறது வேண்டாம். ஃபர்ஸ்ட் ஹாஃப்லயே அது வந்தா ஜனங்க ஆஃப் பண்ணிட்டுப் போயிடுவா. கதைக்கும் அது தேவையில்லையே. ரெண்டு பசங்க இருக்காளே, போறும்."

"எடுத்துடலாம்," என்றேன்.

ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. பக்கத்தில் தோழி தன் காகிதங்களை அடுக்கிப் பைக்குள் வைத்தாள்.

அந்தேரி பிளாட்பாரத்தில் பெஞ்சில் உட்கார்ந்தோம். மத்தியானம், கூட்டம் குறைவு. இரண்டு ரயில் போயும் அவள் எழுந்திருக்கவில்லை.

"டக்குன்னு எடுத்துரலாம்னு சொல்லிட்டீய."

"படம் வரணுமேடி. பின்னாடி பேசிப் பார்த்துக்கலாம்னு."

"என் பிள்ள மவுத்தானப்பமும் நீங்க அப்படித்தான்."

எனக்கு உடனே புரிந்தது. ஆறு வருடம் முன்பு அவளுக்கு மூன்றாவது குழந்தை எட்டாம் மாதத்திலேயே பிறந்து, ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்து இறந்தது. அப்போது ஒரு ராணியின் கதைக்கு அவள்தான் குரல். இரண்டு பகுதி பாக்கி நின்றது. செம்பூரிலிருந்து தாராவிக்கு அரைமணி நேரம்கூட ஆகாது. நான் போகவில்லை. போன் செய்தேன். வருத்தமாக நாலு வார்த்தை சொல்லிவிட்டு, எப்போது வர முடியும் என்று கேட்டேன். அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் அவள் வந்தாள். ஸ்டூடியோ முதலாளி கேட்டபோது, "வந்துட்டா சார், எப்பவும் போலத்தான் இருக்கா" என்றேன். அந்த வாக்கியம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"அன்னைக்கு எனக்குப் பால் கட்டிக் கல்லு மாதிரி இருந்துச்சுக்கா," என்றாள் தோழி. தண்டவாளத்தைப் பார்த்தபடிதான் பேசினாள். "ராணி சிரிக்கணும். நாலு டேக். ஒவ்வொரு டேக்குக்கும் பாத்ரூமுக்குப் போய்ப் பிழிஞ்சு விட்டுட்டு வந்தேன். நீங்க கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்துக்கிட்டு, 'இன்னும் கொஞ்சம் சந்தோஷமா'ன்னிய."

ரயில் வந்தது. அவள் எழுந்து பெண்கள் பெட்டியில் ஏறிக்கொண்டாள். நான் பின்னாலேயே ஏறியிருக்கலாம். ஏறவில்லை.

வீட்டுக்கு வந்து ஒரு வாரத்தில், குழந்தை இல்லாத பிரதியைத் தயாரித்து அனுப்பினேன். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. படம் வந்துவிட்டால் அவளுக்கும் நல்லதுதானே என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இரண்டு மாதம் கழித்து அவன் கூப்பிட்டான். அவ்வளவு பனியை எங்கே போய்த் தேடுவது ஆன்ட்டி, கதையை இமாச்சலுக்கு மாற்ற முடியுமா என்று கேட்டான். அப்புறம் போனை எடுப்பதை நிறுத்திவிட்டான்.

தோழி வேலைக்கு வந்துகொண்டுதான் இருந்தாள். நான் வாசிப்பேன், அவள் எழுதிக்கொள்வாள். மரியாதை குறையவில்லை. சாப்பாட்டு நேரத்தில் மட்டும் டேப் அறைக்கு வருவதில்லை. மற்றப் பெண்களோடு வாசலில் உட்கார்ந்து சாப்பிட்டாள். பிறகு அவர்கள் தாராவி வீட்டைக் காலி செய்து கல்யாணுக்குப் போனார்கள். கொஞ்ச நாள் அங்கிருந்தும் வந்தாள். குர்லாவில் வண்டி மாறி வந்து சேரும்போதே களைத்திருப்பாள், குரல் கம்மியிருக்கும். ஒருநாள் இனிமேல் வரவில்லை என்று போனில் சொன்னாள். அடுத்த வருடம் ஸ்டூடியோவில் தமிழ் வேலையே நின்றது.

போன மழைக்காலத்தில் கல்யாணுக்குப் போனேன். சொல்லாமல் போகக்கூடாது என்று முந்தின நாளே போன் செய்தேன். "வாங்களேன்," என்றாள். நாலாவது மாடி, லிஃப்ட் இல்லை. மூச்சு வாங்க ஏறினேன். இப்போது ஒரு நர்சரிப் பள்ளியில் ஆயாவாக இருக்கிறாளாம். பெரிய பெண் காலேஜுக்குப் போயிருந்தாள். சின்னவள் சாயாவும் பிஸ்கட்டும் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

"அன்னிக்கு நான் உங்காத்துக்கு வந்திருக்கணும்," என்றேன். ரயிலில் வரும்போது பலவிதமாகச் சொல்லிப் பார்த்தும், அவள் முன்னால் அவ்வளவுதான் வந்தது.

"இப்ப எதுக்குக்கா அது?"

"எனக்குச் சொல்லணும்."

"வந்திருக்கணும்தான்." சாயாவை என் பக்கம் நகர்த்தி வைத்தாள். "நீங்க வருவீயன்னு நெனச்சேன். வேற யாரையும் நெனைக்கல்ல."

ஜன்னலில் மழை அடித்தது. அவள் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். குழந்தைக்கு என்ன பெயர் வைத்திருந்தார்கள் என்று கேட்டேன். இத்தனை வருடத்தில் அது எனக்குத் தெரியாது. ஏழாம் நாள் ஆஸ்பத்திரியிலேயே, அவள் வாப்பா கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்று பெயர் வைத்தாராம். பெயரைச் சொன்னாள். ஆண் குழந்தை என்பதும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அந்தப் பெயரை இங்கே எழுதவில்லை. அவளிடம் கேட்டேன், வேண்டாம் என்றாள்.

கிளம்பும்போது குடை கொடுத்தாள். திருப்பிக் கொண்டுவர வேண்டியதில்லை, பழசு என்றாள். என்னை மறுபடி வரச் சொல்லவில்லை என்பதைப் படியிறங்கும்போதுதான் கவனித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் எடுத்துப்போட்ட காட்சிகளைத் திரும்பச் சேர்த்தேன். வசனம் இல்லாமல், பிறப்பும் இறப்புமாகப் பதினோரு பக்கம். இன்றுவரை யாரும் அதைக் கேட்கவில்லை. போன மாதம் முழுப் பிரதியையும் இன்னொரு தயாரிப்பாளரின் அலுவலகத்துக்கு அனுப்பினேன். கிடைத்தது என்று பதில் வந்திருக்கிறது.