அக்கா காத்திருந்த ஜெல்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பினாங்கில் ஆராய்ச்சி மாணவனாக இருந்தேன். ஜெலட்டினில் ஜெல் செய்வது என் வேலை. மாட்டெலும்பிலிருந்து எடுக்கும் புரதம் அது. அதற்குள் புற்றுநோய் மருந்தை ஏற்றி, கட்டியின் பக்கத்திலேயே பதித்துவிட்டால், ஜெல் மெல்லக் கரையக் கரைய மருந்து பல நாள் அங்கேயே கசியும். உடம்பு முழுக்க ஓடி மற்றதைக் கெடுக்காது. காகிதத்தில் எல்லாம் சரிதான். மருந்து நல்ல சிவப்பு. உடல் சூட்டில் வைத்த உப்பு நீரில் காலையில் ஜெல் துண்டைப் போட்டால், சாயங்காலத்துக்குள் நீர் முழுக்கச் சிவந்திருக்கும். இரண்டு வாரம் கசிய வேண்டியது ஒரே நாளில் வெளியே வந்துவிடும். இரண்டு வருடமாக இதே கதை.

இதை நான் வீட்டில் சொன்னதில்லை. எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் வரை போனவன் நான் ஒருவன்தான். டாக்டர் சொல்வதற்கும் மேலே என் பேச்சு. அந்த மரியாதை எனக்கு ரொம்பவும் பிடித்திருந்தது.

அக்காவுக்கு மார்பில் புற்றுநோய். ஊசி போட்டுக் கட்டியைச் சுருக்கிய பிறகு ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மூன்று வாரத்துக்கு ஒரு தடவை எதிர்க்கரைப் பக்கம் இருந்த புக்கிட் மெர்தாஜாமிலிருந்து பஸ் பிடித்து, ஃபெர்ரி ஏறிப் பினாங்குத் தீவுக்கு வருவாள். அதே சிவப்பு மருந்துதான். இரண்டு ஊசியிலேயே முடியெல்லாம் போய்விட்டது. அந்தத் தீபாவளிக்கு அவள் வீட்டில் சாப்பிட்டு முடித்து, தட்டிலிருந்த அகர்-அகர் ஜெல்லித் துண்டு ஒன்றைத் தூக்கிக் காட்டி, என் ஜெல்லைப் பற்றி அளந்துவிட ஆரம்பித்தேன்.

“அதுல முடி கொட்டாதா?” என்று அக்கா கேட்டாள்.

“கொட்டாதுக்கா. வாந்தியும் வராது.”

“எப்ப வரும்?”

“கொஞ்ச நாள்தான்லா. வந்துடும்.”

எலிக்குக்கூட வைத்துப் பார்க்காத மருந்து அது. சுற்றி உட்கார்ந்து வாய் பிளந்து கேட்டவர்களைப் பார்த்ததில் எனக்குத் தலைகால் புரியவில்லை. வாய்க்கொழுப்பு, வேறென்ன.

அதன் பிறகு நான் அந்தப் பக்கம் போகவில்லை. இரண்டு முறை போன் செய்தேன். நன்றாக இருப்பதாகச் சொன்னாள்.

மூன்று மாதம் கழித்து ஒரு காலை, ஆய்வுக்கூட வாசலில் அக்கா நின்றாள். கையில் ஒரு பை. மாற்றுச் சேலை, துண்டு, பல் பிரஷ் எல்லாம் எடுத்து வந்திருந்தாள்.

“நீ கூப்பிடவே இல்ல. அதான் நானே வந்துட்டேன். எங்க படுக்கணும்?”

எனக்கு விளங்கவில்லை. அவள் தலைத்துணியை விலக்கிக் காட்டினாள். சின்னச் சின்னதாக முடி முளைத்திருந்தது.

“தீபாவளியோட ஊசிய நிறுத்திட்டேன். உன் மருந்து வருதே, எதுக்கு ரெண்டும்? அத்தான்கிட்ட சொல்லல, கத்துவாரு. ஊசி நாள்ல கோயில்ல உக்காந்துட்டு வீட்டுக்குப் போயிடுவேன். மாட்டு எலும்புல செய்யறதுன்னு சொன்னியே, அதுக்கும் சாமிகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டேன். நீ யோசிக்காத.”

முட்டைகூடத் தொடாதவள் அவள். என்னைச் செருப்பால் அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

“இது இன்னும் ஆகலக்கா. ஆகுமான்னே தெரியல.”

“அப்ப சும்மா சொன்னியா?”

“ஆமா.”

அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். பிறகு எழுந்து, “சரி, ஆஸ்பத்திரிக்குப் போவோம்” என்றாள்.

நோய் நுரையீரலுக்குப் போய்விட்டிருந்தது. நான்கு ஊசிக்கு வரவில்லை என்று டாக்டர் அட்டையைப் பார்த்துச் சொன்னார். சாயங்காலம் அத்தான் பிறை என்ற ஊரில் வேலை பார்த்த தொழிற்சாலையிலிருந்து யூனிஃபார்மோடு ஓடி வந்தார். விஷயம் தெரிந்ததும், “ஏன் போகல?” என்று கேட்டார்.

அக்கா என் பக்கம் திரும்பவில்லை. “எனக்குத்தான் பயம். வாந்தி தாங்கல. தம்பிக்கு ஒன்னும் தெரியாது. இன்னிக்குத் தெரிஞ்சதும் அவன்தான் இழுத்துட்டு வந்தான்.”

அத்தான் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார். உண்மையைச் சொல்ல வேண்டிய இடம் அதுதான். நான் சொல்லவில்லை. அக்கா என்னைக் காப்பாற்றுகிறாள் என்று தெரிந்தது. நெஞ்சில் ஒரு ஓரத்தில் நிம்மதியாகவும் இருந்தது.

சித்திரை பிறக்கும் முன்பே அக்கா போய்விட்டாள். ஆராய்ச்சியை நான் பாதியில் விட்டேன். துக்கம் தாங்காமல் விட்டதாக உறவில் பேசிக்கொண்டார்கள்.

அத்தானுக்கு இப்போது வயதாகிவிட்டது. எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் என்னைத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வார். “இவருகிட்ட மட்டும் அவ முன்னாலயே சொல்லியிருந்தா, பொழைச்சிருப்பா” என்று பக்கத்தில் இருப்பவர்களிடம் சொல்வார். நான் இலையைப் பார்த்தபடி சாப்பிட்டுவிட்டு வருகிறேன்.