மீன் பாத்தியும் சாணிப் பாத்தியும்: அடையாறில் ஒரு பள்ளித் தோட்டம்

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு தை மாதச் சனிக்கிழமை, எங்கள் தலைமை ஆசிரியை வசந்தா டீச்சரைத் தி.நகரிலிருந்து அடையாறுக்கு இழுத்துக்கொண்டு போனேன். காரணம் சிமெண்ட். எங்கள் பள்ளியில் மிச்சமிருந்த ஒரே மண் தரையையும் பூசிவிட ஏற்பாடாகியிருந்தது. திங்கட்கிழமை கொத்தனார் வருகிறார். எனக்கோ அங்கே தோட்டம் போட்டுப் பாடம் நடத்த வேண்டுமென்று கொள்ளை ஆசை. "மண்ணுல விளையாடினா மார்க் வருமா?" என்று கேட்டவரிடம், அடையாறுப் பள்ளி ஒன்றில் இருக்கும் தோட்டத்தை ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு முடிவு பண்ணுங்கள் என்று கெஞ்சினேன்.

வந்த பேருந்துகளில் எல்லாம் படிக்கட்டு வரை கூட்டம். ஆட்டோவை நிறுத்தினால், "மீட்டரா? இன்னாம்மா நீ, காலங்காத்தால! முப்பத்தஞ்சு ரூபா குடு, குந்து" என்றார் ஓட்டுநர். ஆறு கிலோமீட்டர்கூட இருக்காது. பேசிப் பேசி முப்பதுக்கு இறங்கினார். கோட்டூர்புரம் பாலம் தாண்டும்வரை வசந்தா டீச்சர் சிமெண்ட் செலவுக் கணக்கே போட்டுக்கொண்டு வந்தார்.

அந்தப் பள்ளியில் மதில் ஓரமாக இரண்டு கத்தரிப் பாத்திகள். ஒன்றுக்கு மாட்டுச் சாணி உரம், இன்னொன்றுக்கு மீன் கழிவு. ஏழாம் வகுப்பு ஸ்டெல்லாவின் அம்மா மீன் விற்பவர். கழிவு அவர் கூடையிலிருந்து வருவது. "மொதல்ல பூனைங்க தோண்டிப் போட்டுச்சுங்க மிஸ். அப்பால மேல மண்ண ரொப்பிட்டோம். இப்ப சூப்பரா கீது" என்றாள் ஸ்டெல்லா. சாணிப் பாத்தி, மயிலாப்பூரிலிருந்து வரும் காயத்ரியின் பொறுப்பு. "மீன் பாத்திக் காயை ஆத்துக்குக் கொண்டு வரப்படாதுன்னுட்டா அம்மா. அளக்கலாமாம்!" என்றவள், மூக்கைப் பொத்திக்கொண்டு அளந்து காட்டினாள்.

கரும்பலகையில் செடிகளின் சராசரி உயரம். மீன் பாத்தி எட்டு சென்டிமீட்டர் முன்னால். வசந்தா டீச்சர் கணக்கு டீச்சர் ஆயிற்றே, விடுவாரா?

"எங்கேருந்து அளந்தீங்க?"

"நடக்கிற தரையிலேர்ந்து மிஸ்" என்றாள் காயத்ரி.

"பூனைக்காகக் கொட்டின மண்ணும் செடியோட உயரத்துல சேர்ந்துடுச்சே!"

போச்சு, தோட்டத்துப் பாடத்தின் லட்சணம் இதுதான் என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவரோ புடவையைச் செருகிக்கொண்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொரு செடியையும் தண்டின் அடியிலிருந்து மறுபடி அளந்தார்கள். இரண்டு பாத்தியும் கிட்டத்தட்ட சமம்.

"இன்னா மிஸ், வந்து எங்க பாத்தியத் தோக்கடிச்சிட்டீங்க!" ஸ்டெல்லாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

"காய் இன்னும் எடை போடலையேடி" என்றார் டீச்சர்.

"அதுல நாங்கதான்!" என்று காயத்ரி பாய, பெரிய சண்டை. மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை, டீச்சர் உட்பட.

திரும்பும்போது சொன்னார்: "இருபது வருஷமா சராசரி சொல்லிக் குடுக்கறேன். ஒரு பொண்ணுகூட அதுக்காக என்கிட்ட சண்டை போட்டதில்லை."

இப்படிப் பார்க்கப் போகிறவர்களுக்கு: முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். வெயில் ஏறுமுன் போங்கள். நல்ல புடவை வேண்டாம். முடிவெடுக்கும் ஆளைக் கட்டாயம் கூட்டிப்போங்கள். நீங்கள் மட்டும் பார்த்துவிட்டு வந்து வர்ணித்தால் ஒன்றும் நடக்காது.

திங்கட்கிழமை கொத்தனார் வந்தார். வசந்தா டீச்சர் குச்சியால் நடுவில் ஒரு கோடு போட்டார். "இந்தப் பக்கம் பூசுங்க. அந்தப் பக்கம் மண்ணாவே இருக்கட்டும். பசங்க எந்தப் பக்கம் போறாங்கன்னு ஒரு வருஷம் பார்ப்போம்."

வருஷம் முடியும்வரை காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. பூசின பக்கத்தில் சைக்கிள்கள் மட்டும்தான் நின்றன.