கோணாமலையாரின் சவரக்கத்தி

திருகோணமலைத் துறைமுகத்துக்குள் நுழையும் கப்பல் எத்துணைப் பெரிதாயினும் சின்னராசா அஞ்சியவர் அல்லர். கப்பலுக்கு வழிகாட்டும் மாலுமியை ஏற்றிச்செல்லும் சிறுபடகின் சுக்கானை இருபத்தாறு ஆண்டுகளாகப் பிடித்து வருபவர். வாடைக்காற்று வீசும் மார்கழியிலும், மலைபோன்ற கப்பலின் விலாவோடு படகை ஒட்டவைத்து, ஏணியில் மாலுமியின் பாதம் பதியும்வரை அசையாது நிறுத்துவார். அப்படிப்பட்ட கைகள் சென்ற மாசியில் நடுங்கத் தொடங்கின. காரணம், ஒரு சாண் நீளமும் இல்லாத சவரக்கத்தி.

அது அவருடைய தகப்பனார் கோணாமலையார் விட்டுச்சென்ற சொத்து. வெள்ளையர் காலத்தில், கடலில் தவறி விழுந்த கடற்படை அதிகாரி ஒருவரைப் பாட்டனார் கரைசேர்க்க, அவர் நன்றியாகக் கொடுத்ததாம். எலும்புப்பிடி, மடக்கி விரிக்கும் அலகு. அதனோடு ஒரு வழக்கமும் ஒட்டிக்கொண்டு வந்தது. சகோதரியின் மகனுக்குத் திருமணம் என்றால், அன்று காலை சுற்றத்தார் முன்னிலையில் தாய்மாமன் அக்கத்தியால் மூன்று வழிப்பு வழித்துவிட வேண்டும். மிச்சத்தைச் சவரத் தொழிலாளி பார்த்துக்கொள்வார். வழக்கம் என்பது வேறென்ன? ஒருவர் இரண்டு முறை செய்துவிட்டால், மூன்றாம் முறை செய்யாதவரை ஊர் ஏசும். கோணாமலையாரோ நான்கு மருமக்களுக்கு வழித்தவர். ஒருதுளிக் குருதி சிந்தியதில்லை.

அந்த மாசியில்தான் தங்கை பூரணியின் மகன் சஞ்சீவனுக்கு வைகாசியில் முகூர்த்தம் குறித்தனர்.

குருதியைக் கண்டால் சின்னராசாவுக்குத் தலை சுற்றும். மீன் வெட்டும் நேரத்தில் குசினிப் பக்கமே போகமாட்டார். மருமகனின் தொண்டையருகே கத்தி வைப்பதை எண்ணினால் சோறு இறங்கவில்லை. தங்கையிடம் சொல்லவோ மானம் விடவில்லை. படகில் உடன் வேலைசெய்யும் ஜெமீலிடம் மட்டும் வாய்திறந்தார்.

"உன்ர கன்னத்திலை ஒருக்காப் பழகிப் பாக்கட்டே?"

"அல்லாஹ்வே! நான் ஹஜ்ஜுக்குப் போய்வந்து தாடி வைச்சவன் அண்ணன், என்னை விடுங்க. பலூனை ஊதி, சவுக்காரம் பூசி, அதிலை வழிச்சுப் பாருங்க. வெடிக்காட்டி மாப்பிள்ளை தப்பினார்."

பதினொரு பலூன்கள் வெடித்தன. அயல்வீட்டார் மதிலுக்கு மேலால் எட்டிப்பார்த்து, "ஆருக்குப் பிறந்தநாள்?" என்று கேட்டனர். பன்னிரண்டாவது பலூன் தப்பியது. அதிலே காற்று இறங்கியிருந்தது. ஒரு துளியும் சிந்தாவிடில் நூற்றெட்டுத் தேங்காய் உடைப்பதாகக் கோணேசப் பெருமானிடம் நேர்ந்துகொண்டு, எஞ்சிய நாள்களைத் தோல்வாரில் கத்தி தீட்டிக் கழித்தார்.

திருமணக் காலை. முற்றத்துக் கதிரையில் சஞ்சீவன் துவாயால் வாயையும் நாடியையும் மூடியபடி அமர்ந்திருந்தான். பெண்வீட்டாரும் வந்து சூழ்ந்திருந்தனர். சின்னராசா குனிந்து துவாயைச் சற்று விலக்கினார். மழமழவென்று வழித்த முகம். அதிலே ஐந்து இடங்களில் கடதாசித் துண்டு ஒட்டியிருந்தது.

"உதென்னடா?" என்றார், மெல்ல.

"விடிய நானே வழிச்சிட்டன் மாமா. உங்கட கத்தியை நினைச்சாப் பயமாக் கிடந்தது. கை நடுங்கி வெட்டிப்போட்டுது. ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ."

"எனக்கும் பயந்தான்ரா, விசரா! முதலே சொல்லியிருக்கலாமெல்லோ?"

"நீங்கள் சொல்லியிருக்கலாமெல்லோ?"

"என்ன அண்ணா அங்கை குசுகுசுப்பு? நல்ல நேரம் போகுது!" என்றாள் பூரணி.

சின்னராசா விரைந்து நுரையை அள்ளி, கடதாசிகள் மறையும்வரை அப்பினார். பின், கத்தியின் கூர்ப்பக்கத்தை வானுக்குக் காட்டி, முதுகுப்புறத்தால் நுரையை மூன்று முறை வழித்தார். குரவையொலி எழுந்தது. அவர் நெஞ்சுக்குள் நூற்றெட்டுத் தேங்காயும் ஒருசேர உடைந்தன.

மகிழ்ச்சி தாங்காத பூரணி, சவரத் தொழிலாளியை முந்திக்கொண்டு, ஈரத்துவாயால் மகனின் முகத்தை ஒரே இழுப்பில் துடைத்தாள். நுரையோடு கடதாசிகளும் போயின. ஐந்து சிவப்புக் கோடுகள் சிரித்தன.

"ஐயோ! மூண்டு வழிப்புக்கு அஞ்சு வெட்டோ!" என்றார் பெண்ணின் தந்தை.

"அப்பா நாலு பேருக்கு வழிச்சவர் அண்ணா! ஒரு கீறல் பட்டதோ?" என்றாள் பூரணி.

சஞ்சீவனின் கண்கள் மாமனைக் கெஞ்சின. மாமன் கத்திக்கு அஞ்சித் தானே முகத்தைக் கிழித்துக்கொண்டவன் என்று பெண்வீட்டார் அறிந்தால், அவனுக்கு வாழ்நாளெல்லாம் அதுவே பட்டப்பெயராகிவிடும். சின்னராசா குருதியைப் பாராதிருக்க மாமரத்தின் உச்சியை நோக்கினார்.

"கை பிசகிப்போட்டுது, தங்கச்சி. எனக்கு ஏலாது."

பூரணி கத்தியை அவர் கையிலிருந்து வாங்கினாள். "உங்கட கையிலை இனி இது இருக்கக்கூடாது. தம்பி, இண்டையிலிருந்து நீதான் இதுக்குப் பொறுப்பு." மடக்கி, மகனின் மடியில் வைத்தாள்.

சின்னராசாவின் தோளிலிருந்து ஒரு கப்பல் இறங்கியது. சஞ்சீவனோ பாம்பு மடியில் விழுந்தவன்போல் அசையாதிருந்தான். அவனுடைய அக்காளுக்கு மூன்றும் ஆண்பிள்ளைகள்.

"மாமா, மூத்தவனுக்கு இப்ப எத்தினை வயசு?"

"ஒன்பது. யோசியாதை, தாடி முளைக்க நாள் கிடக்கு" என்ற சின்னராசா, பல நாள்களுக்குப் பின் பசியெடுத்தவராய், இடியப்பம் இருக்கும் பக்கம் நடந்தார்.