அளக்காத சல்லி

பங்குனி வெயிலில் போதமலை அடிவாரத்துக்குப் போவானேன் என்று வீட்டில் இன்னமும் ஏசுகிறார்கள். மலையேறிப் பார்க்க ஆசை, அவ்வளவுதான். யுத்தத்தால் பெட்ரோல் கிடையாது, பஸ் கரியில் ஓடுகிறது. ராசிபுரத்தில் காலை ஒன்பதுக்கு ஏறினேன். நாமகிரிப்பேட்டை தாண்டி அடிவாரம் வரை எட்டு மைல், நாலணா. மேடு வந்தால் இறங்கித் தள்ள வேண்டும். காசும் கொடுத்துத் தள்ளவும் வேண்டுமா என்று டிரைவர் காசிம் பாயிடம் கேட்டேன்.

"தள்ளாதவங்களுக்கு அஞ்சணாங்க" என்றார்.

பதினொன்றரைக்கு, அடிவாரத்துக்கு ஒரு மைல் முன்னால், பஸ் நின்றுவிட்டது. புதிதாகக் கட்ட வாய்க்கால் பாலத்தை இடித்திருந்தார்கள், ஆளுயரப் பள்ளம். எதிரே காட்டுத் தீ, காய்ந்த புல்லைப் பிடித்தபடி கீழே இறங்கி வந்தது. பள்ளத்தின் அக்கரையில் தீக்குத் தப்பி வந்த பத்துப் பன்னிரண்டு வண்டிகள், மாடுகள், பிள்ளைகள். முதல் வண்டியில் நிறைமாதக்காரி ஒருத்தி வலியில் துடித்தாள். அவளைத் தூக்கிக்கொண்டு அந்தச் சரிவில் இறங்க யாருக்கும் துணிவில்லை.

இக்கரையில் ரோட்டோரம் நெடுகச் சல்லிக் குவியல். ரோட்டு வேலைக்குக் கல்லுடைக்கும் பாவாயியும் அவளோடு எட்டுப் பெண்களும் பத்து நாள் உட்கார்ந்து உடைத்தது. ஓவர்சியர் வந்து குவியலை அளந்தால்தான் கூலி. அளப்பதற்குள் கலைந்தால் உடைக்காத கணக்கு. பள்ளத்தைத் தூர்க்கப் பாவாயி கூடையை எடுத்து முதல் குவியலில் சொருகினாள். மேஸ்திரி பதறி ஓடி வந்தார்.

"அளக்காத சல்லி! நாளைக்கு ஓவர்சியர் வாராரு. தொட்டீங்கன்னா பத்து நாள் கூலி போச்சு!"

"போனாப் போவுதுங்க. உங்கூட்டுப் பொம்பள அந்த வண்டீல கெடந்தா அளந்துட்டா இருப்பீங்க?"

மேஸ்திரி வழிவிட்டார். கூடைகள் பறந்தன. காசிம் பாய் கரி அள்ளும் சட்டியோடு இறங்கினார். நானும் வேட்டியை மடித்துக் கட்டினேன். அக்கரைக்காரர்கள் மண்ணை வெட்டித் தள்ளினார்கள். புகையில் கண்ணெல்லாம் எரிந்தது. ஒன்றேகால் மணி நேரத்தில் பள்ளம் தூர்ந்தது. கடைசி வண்டி ஏறி வரும்போது அக்கரைப் பனைகள் பற்றிக்கொண்டன. தீ வாய்க்காலோடு நின்றது. நிறைமாதக்காரியைப் பஸ்ஸில் நாமகிரிப்பேட்டைக்குக் கொண்டுபோனோம். பெண் குழந்தை.

மறுநாள் காலை எட்டு மணிக்கு நான் அங்கேதான் நின்றேன். விடுவேனா? ஓவர்சியர் அளக்கும் நாடாவோடு வந்து இறங்கினார்.

"சல்லி எங்கே?"

பாவாயி காலால் தரையைத் தட்டினாள். "இங்கதானுங்க. இதுமேல நின்னுக்கிட்டுத்தான் கேக்கறீங்க. நீளம் பதினாறடி, அகலம் எட்டடி. ஆழம் வேணும்னா அந்த வண்டிக்காரங்களக் கேளுங்க."

பின்னால் தீக்குத் தப்பியவர்கள் அத்தனை பேரோடும் நானும் நின்றேன். அவர் எங்களைப் பார்த்தார், நாடாவை விரித்தார். மறுமுனையைப் பாவாயி பிடித்துக்கொண்டாள்.

மலைக்குப் போகிறவர்களுக்கு: மாசியோடு போய் வந்துவிடுங்கள். தண்ணீர் கையோடு எடுத்துப் போங்கள். ஏழாவது மைல் தாண்டினதும் பஸ் ஒரு தூக்குத் தூக்கிப் போடும், தலை கூரையில் இடிக்கும். ரோடு போட்டவர்களைத் திட்ட வாய் வரும். திட்டினீர்களோ, என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்வீர்கள்.