தள்ளிக்கொண்டே போன கியர் சைக்கிள்

ருக்குமணிக்கு வண்டி என்றாலே ஆகாது. பஸ், கார், வேன் எதுவானாலும் இரண்டாவது வளைவிலேயே குமட்டத் தொடங்கிவிடும். கல்யாணத்தன்று மாப்பிள்ளை வேல்முருகனின் புது வேட்டி மேலேயே வாந்தியெடுத்தவள். கொல்லிமலையில் பிறந்துவிட்டு வளைவு ஒத்துக்கொள்ளாது என்றால் மனுஷி எங்கேதான் போவாள்? ஆக, மகள் யமுனாவுக்குப் பள்ளியில் கொடுத்த சைக்கிள்தான் அவளுக்குக் கதி. யமுனா நாமக்கல் ஹாஸ்டலுக்குப் போனதும் அது முழுக்க அம்மாவுடையதாகிவிட்டது.

வாழவந்தி நாட்டில், பக்கத்து ஊர்ப் பள்ளியில் பிள்ளைகளுக்குக் காலைச் சாப்பாடு சமைப்பது அவள் வேலை. வழியில் ஒரு பெரிய மேடு, அப்புறம் பள்ளிவரை இறக்கம். மேட்டில் சைக்கிளைத் தள்ளித்தான் போவாள். தள்ளிக்கொண்டு போகிற சைக்கிள் எங்கள் பக்கம் பொதுச்சொத்து. கூட நடக்கிற பெண்கள் சோற்றுத் தூக்குப்போசி, களைக்கொத்து என்று கையில் இருப்பதையெல்லாம் அதில் மாட்டிவிடுவார்கள். யாரும் கேட்பதுமில்லை, யாரும் மறுப்பதுமில்லை. கேரியர் அவர்களில் ஒருத்தியான அத்தாயியின் மரவள்ளி மூட்டைக்கு. மேட்டு உச்சியில் வியாபாரியின் வேன் நிற்கும், அதுவரை மூட்டை சைக்கிளில் வரும். அத்தாயிக்கு முழங்கால் தேய்ந்து வெகு நாளாயிற்று.

இப்படித் தள்ளிப் போய்ச் சேர தினமும் நேரமாகிவிட, பள்ளியில் தலைமையாசிரியை ஒருநாள் பொறுமை இழந்துவிட்டார். "இனியும் லேட்டா வந்தீங்கன்னா வேற ஆளைத்தான் போடுவாங்க. புள்ளைங்க வெறும் வயித்தோட கிளாசுல உக்காந்திருக்குதுங்க." சீக்கிரம் கிளம்பவும் வழியில்லை. கரடி நடமாட்டத்தால் விடியாமல் அந்த ரோட்டில் யாரும் கால் வைக்கமாட்டார்கள்.

கியர் மாட்டினால் மேட்டை மிதித்தே ஏறிவிடலாம் என்று ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். வேல்முருகன் சைக்கிளை மிளகு ஏற்றிய வண்டியில் போட்டு மலையடிவாரத்துப் பேளுக்குறிச்சிக்குக் கொண்டுபோனான். அங்கே ரமீஸின் கடையில் பின்சக்கரத்துக்கு ஏழு கியர், புது பிரேக் எல்லாம் மாட்டினார்கள். வண்டி ஆகாத ருக்குமணியால் அவனோடு போக முடியுமா? எனவே பாடமெல்லாம் புருஷன் வாய்வழியாகத்தான் வந்தது.

"ஒண்ணாம் நம்பர் மேட்டுக்கு, ஏழாம் நம்பர் எறக்கத்துக்கு. அவ்வளவுதான் புள்ள."

வாசலில் ஒன்றில் வைத்து மிதித்துப் பார்த்தாள். "ஏனுங்க, காலு ஓடுது, வண்டி ஓடலீங்களே?"

"அப்படித்தான் இருக்கும்" என்றான். அவனுக்கும் தெரியாது என்பது முகத்திலேயே தெரிந்தது.

மறுநாள் மேட்டடியில் வழக்கம்போல் போசிகள் ஏறின, மூட்டையும் ஏறியது. அதோடு ஏறி உட்காரப் பார்த்தவள் காப்பிச் செடிக்குள் விழப்போனாள். பேசாமல் ஒன்றாம் நம்பரில் வைத்துத் தள்ளினாள். லேட். அடுத்த நாள் மூன்றில் வைத்துத் தள்ளினாள். அதற்கடுத்த நாள் ஏழில். எந்த நம்பரிலும் கனம் குறையவில்லை. குழம்பிப்போய் ரமீஸுக்குப் போன் போட்டாள்.

"தம்பி, தள்ளும்போது எந்த நம்பர்ல வெக்கோணுங்க?"

"தள்றதுக்கு எதுக்குங்கக்கா கியரு? ஏறி உக்காந்து மிதிங்க."

"எப்படிங்க தம்பி? பொறகால அத்தாயக்கா மூட்டை இருக்குதே."

"அதை எறக்கி வெச்சிருங்க."

ருக்குமணி போனை வைத்தாள். சைக்கிளை மாற்றுவதைப் பற்றி இத்தனை பேர் இத்தனை யோசனை சொன்னார்கள். மூட்டையை இறக்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை, அவளுக்கும்தான். இறக்கி யார் தலையில் வைப்பது?

மறுநாள் காலையில் வீட்டு வாசலிலிருந்தே மிதித்துக்கொண்டு வந்தாள். மேட்டடியில் அத்தாயி மூட்டையோடு எழுந்து நின்றாள். நிறுத்தினால் வேலை போய்விடும். நிறுத்தாவிட்டால் அத்தாயியின் முகத்தில் எப்படி விழிப்பது? கை தானாகப் பிரேக்குக்குப் போனது. கூட நடக்கிற பூங்குழலி வழக்கம்போல் போசியை மாட்டக் கையை நீட்டினாள். அத்தாயி அவளைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.

"கைய எடு புள்ள! கியர் வண்டிய நடுவுல நிறுத்துனா செயின் அந்துருமாம். நீ போ கண்ணு, நிக்காத!"

இப்படி யார் சொன்னது? ரமீஸ் சொல்லவில்லை, வேல்முருகனும் சொல்லவில்லை. ஒன்றும் புரியாமலே மிதித்து ஏறினாள். அன்றைக்குப் பிள்ளைகள் நேரத்துக்குச் சூடாகப் பொங்கல் சாப்பிட்டார்கள், தலைமையாசிரியை சிரித்தார். ருக்குமணிக்குத்தான் சந்தோஷமே வரவில்லை.

வேலை முடிந்து வீட்டுப்பக்க இறக்கத்தில் வரும்போது, அத்தாயி ரோட்டோரம் உட்கார்ந்து முழங்காலை நீவிக்கொண்டிருந்தாள். ருக்குமணி யோசிக்காமல் பிரேக்கைப் பிடித்துச் சட்டென்று நின்றுவிட்டாள். நின்ற பிறகுதான் உறைத்தது. இருவரும் செயினைப் பார்த்தார்கள். அது பாட்டுக்கு இருந்தது.

அத்தாயிதான் முதலில் வாயைத் திறந்தாள். "எறக்கத்துல ஒண்ணும் ஆகாதாட்டம் இருக்குது. மேட்டுலதான் அந்துரும் போல."

"ஆமாங்கக்கா" என்றாள் ருக்குமணி. "மேட்டுலதான்."

சைக்கிளை விட்டு இறங்கி, அத்தாயியின் களைக்கொத்தை வாங்கி கேரியரில் வைத்தாள். ஊர் வரும்வரை இருவரும் தள்ளிக்கொண்டே நடந்தார்கள்.