சிவப்பு இடம், பச்சை வலம்

யுத்தம் முடிந்த கையோடு, ராணுவம் கழித்துவிட்ட லாரிகள் ஏலத்துக்கு வந்தன. தூத்துக்குடியில் அவற்றை எடுத்தவர்களில் ஒருவர்கூட எடுத்த மாதிரியே வைத்துக்கொள்ளவில்லை. ஒருவர் முன்னால் ஐந்து விளக்கு மாட்டினார். பேட்டரி மூன்றுக்குத்தான் தாங்கியது. மற்ற இரண்டும் கௌரவத்துக்கு. இன்னொருவர் ஒரே அச்சில் இரண்டு அளவு டயர்களைப் போட்டுவிட்டு, வண்டி ஒருபக்கம் சாய்வதற்கு ரோடு போட்டவனைத் திட்டினார்.

இதையெல்லாம் சுற்றிப் பார்த்துக் குறித்துவைப்பது என் உத்தியோகம். மோட்டார் வண்டிகளைச் சோதிக்கும் ஆபீசில் நான் குமாஸ்தா. இன்ஸ்பெக்டர் பதினைந்து நாளுக்கு ஒருமுறை திருநெல்வேலியிலிருந்து வருவார். அதற்குள் நான் அச்சடித்த படிவத்தை நிரப்பிவைத்திருக்க வேண்டும். அவர் வண்டியில் ஏறி ஒரு சுற்றுப் போய்வந்து கையெழுத்திடுவார். அந்தச் சான்றிதழ் இல்லாத லாரி வாடகைக்குச் சரக்கு ஏற்றக் கூடாது. விதிப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் எந்த விதி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஆகவே எனக்குச் சந்தேகம் என்று ஒன்று வந்ததில்லை. நான் சொல்லவருவது அது வந்ததைப் பற்றித்தான்.

ஒரு வியாழக்கிழமை, திரேஸ்புரத்துத் தோணி முதலாளி ஒருவர் தம் லாரியைக் கொண்டுவந்து ஆபீஸ் முன் நிறுத்தினார். முதலாளி என்றால் கரையில் உட்கார்ந்திருந்தவர் அல்ல. இருபது வருஷம் தண்டலாக, அதாவது தோணித் தலைவராக, கொழும்புக்குத் தம் தோணியை நடத்தியவர். அந்தத் தோணியை விற்றுத்தான் லாரி எடுத்திருந்தார். உப்பளத்துக்காரர் ஒருவர் அவரிடம் கறாராகச் சொல்லியிருந்தார்: சனிக்கிழமை காலையில் சான்றிதழோடு லாரி அளத்தில் நின்றால் அந்தப் பருவம் முழுக்க உப்பு இவர் வண்டியில், இல்லையென்றால் அடுத்த ஆளுக்கு. இன்ஸ்பெக்டர் வெள்ளிக்கிழமை வருகிறார். அதை விட்டால் இன்னும் பதினைந்து நாள்.

நான் படிவத்தை எடுத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்தேன். நாற்றம் எனக்கு முன்னால் வந்தது. அடிச்சட்டம் முழுக்கச் சுறா எண்ணெய் பூசியிருந்தார்.

"உப்பு இரும்பத் தின்னுடும்லா சார். தோணிக்கு அடிக்கிறதுதான்" என்றார்.

பின் டயர்களில் தென்னங்கயிறு வரிந்து சுற்றியிருந்தது, அளத்துச் சேற்றில் வழுக்காமலிருக்க. முடிச்சுகள் ஒவ்வொன்றும் கண்காட்சியில் வைக்கத் தகுந்தவை. பக்கப் பலகைகளை அடித்தவர்கள் தோணி கட்டும் ஆசாரிமார். இடுக்குகளில் பஞ்சு திணித்திருந்தார்கள். லாரிக்குள் தண்ணீர் வராது என்பதற்கு உத்தரவாதம் உண்டு. ரோட்டில் போகிற வண்டிக்குள் தண்ணீர் எதற்காக வரும் என்று நான் கேட்கவில்லை. படிவத்தில் நாற்றத்துக்கும் கயிற்றுக்கும் கட்டம் இல்லை. எனவே ஆட்சேபம் இல்லை.

விளக்குக்குக் கட்டம் உண்டு. முன்னால் இரண்டு பித்தளை விளக்குகள், பளபளவென்று தேய்த்துவைத்தவை. இடப்பக்கம் சிவப்புக் கண்ணாடி, வலப்பக்கம் பச்சை.

"அண்ணாச்சி, முன்னால சிவப்பு விளக்கு கூடாது" என்றேன்.

"எது கூடாது?"

"சிவப்பு. அது பின்பக்கத்துக்கு."

"பின்னால சிவப்பு வச்சா யாருக்குச் சார் என்ன தெரியும்? இடத்துல சிவப்பு, வலத்துல பச்சை. தோணிக்கு எங்க தாத்தா காலத்துலருந்து அதுதான்."

"பச்சையைப் பற்றி விதியில் ஒன்றும் சொல்லவில்லை. அதை வைத்துக்கொள்ளலாம்" என்று நான் தாராளமாக அனுமதித்தேன்.

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "ஒத்தப் பச்சைய மட்டும் வச்சா, நான் குறுக்க போறேன்னுல்லா எதுக்க வாறவன் நெனைப்பான்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாததைக் காட்டிக்கொள்வது உத்தியோகத்துக்கு அழகல்ல என்பதால், முன்னால் இரண்டும் வெள்ளையாக இருக்க வேண்டும், பின்னால் ஒரு சிவப்பு, நாளை சாயங்காலத்துக்குள் மாற்றிக்கொண்டு வாரும் என்றேன். அவர் பித்தளை விளக்குகளை ஒரு தடவை தடவிப் பார்த்தார். போகும்போது ஒரு கேள்வி கேட்டார்.

"அப்ப எதுக்க வாறவனுக்கு நான் எந்தப் பக்கம் ஒதுங்குவேன்னு எப்படித் தெரியும்?"

அந்தக் கேள்விக்குள் என்ன இருக்கிறதென்று அன்றைக்கே யோசித்திருக்க வேண்டும். அவர் ஏதோ வம்பு பேசுகிறார் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை விளக்கேற்றும் நேரத்தில் லாரி வந்தது. முன்னால் இரண்டு வெள்ளை, பின்னால் ஒரு சிவப்பு. விதிப் புத்தகமே நாலு சக்கரத்தில் வந்து நின்ற மாதிரி இருந்தது. விளக்கின் வீச்சைப் பார்க்க இருட்டத் தொடங்கியபின்தான் ஓட்டிப் பார்ப்பது வழக்கம். முதலாளியே ஸ்டியரிங்கைப் பிடித்தார். அவரிடம் லைசென்ஸ் இருந்தது. அந்தச் சோதனைக்கும் நான்தான் குறிப்பெழுதியவன். ஆபீஸ் பின்னாலுள்ள மைதானத்தில் நாலு கல்லை நட்டுவைத்து எட்டுப் போடச் சொல்வோம். அவர் ஒரு கல்லையும் தொடாமல் போட்டார். 'மிக நன்று' என்று எழுதியிருந்தேன். மைதானத்தில் எதிரே யாரும் வர மாட்டார்கள்.

இன்ஸ்பெக்டர் முன்னால் அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்தார். நான் பின்னால் படிவத்தோடு பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஊர் எல்லை தாண்டியதும் எதிரே ஒரு மாட்டுவண்டி. பருத்திப் பொதி ஏற்றி, அடியில் லாந்தர் ஆட, தன் இடப்பக்கத்தில் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. எங்கள் லாரி வலப்பக்கம் திரும்பியது.

பள்ளத்தைத் தவிர்க்கிறார் என்று நினைத்தேன். பள்ளம் எதுவும் இல்லை. வண்டிக்காரர் இன்னும் தம் இடப்பக்கத்துக்கு ஒதுங்கினார். எங்கள் முதலாளி இன்னும் வலத்துக்கு ஒதுங்கினார். ஒருவரையொருவர் இவ்வளவு மரியாதையாக விலகி ஒரே இடத்தில் போய்ச் சேர்ந்தவர்களை நான் பார்த்ததில்லை. கடைசியில் இரண்டும் ரோட்டோர உடைமரப் புதரில் மூக்கோடு மூக்கு வைத்து நின்றன. ஒரு பொதி உருண்டது. மாடுகள் லாரியை முகர்ந்து பார்த்துவிட்டுத் தும்மின.

"ஏலே, நான் எம் பக்கத்துல வாரேன். நீ எதுக்குலே எம்மேல வார?" என்றார் வண்டிக்காரர்.

"நீரும் வலத்துல ஒதுங்கிருந்தா சும்மா போயிருக்கலாம்லா."

"எந்த ஊர்லவே வலத்துல ஒதுங்குவான்?"

"கொழும்புக்குப் போற வழில."

இன்ஸ்பெக்டர் இறங்கிக் காக்கிக் கால்சட்டையில் குத்தியிருந்த முள்ளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். "அண்ணாச்சி, இது ரோடு" என்றார், நோயாளியிடம் பேசுகிற குரலில்.

"தெரியும் சார். பாய் இருந்தா காத்தப் பாத்து ஒதுங்கணும். இதுல பாய் இல்ல, எஞ்சின் இருக்கு. எஞ்சின் கப்பல் ரெண்டு நேருக்கு நேரா வந்தா ரெண்டும் வலத்துல ஒதுங்கணும். அதுதான சட்டம்?"

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். கடலில் அது சட்டம்தான் என்பது அந்த ஊரில் பத்து வருஷம் இருந்த எனக்குத் தெரியும். அவர் அதைக் கொஞ்சமும் பிசகாமல் கடைப்பிடித்திருந்தார். பாய்க்கும் இயந்திரத்துக்கும் வித்தியாசம்கூடப் பார்த்திருந்தார். தப்பு எங்கே என்று கேட்டால் என்னால் விரல் வைக்க முடியவில்லை. "சட்டம் இருக்கு சார், நம்ம புத்தகத்துல இல்ல" என்றேன்.

"சரி, படிவத்துல என்ன எழுதுவீர்?"

லாந்தர் வெளிச்சத்தில் படிவத்தை மேலிருந்து கீழே படித்தேன். பிரேக் சரி. விளக்கு சரி. ஹாரன் சரி. 'தகுதியற்றது' என்று எழுதினேன். எந்தக் கட்டத்தின்படி என்று பார்த்தேன், ஒன்றுமில்லை. அடித்தேன். 'தகுதியுள்ளது' என்று எழுதினேன். எதிரே லாரி புதருக்குள் நின்றது. அதையும் அடித்தேன்.

முதலாளிக்கு அப்போதுதான் நிலைமை உறைத்தது. குரல் இறங்கிவிட்டது. "நாளைக்குக் காலைல அளத்துல நிக்கணும் சார். தோணியும் போயிட்டு. வேற ஒண்ணும் இல்ல."

வண்டிக்காரர் பொதியைத் தூக்கிவைத்தபடி முணுமுணுத்துக்கொண்டிருந்தார். நான் மறுபடி படிவத்தைப் படித்தேன். தலைப்பில் வாகனத்தின் தகுதி என்றுதான் போட்டிருந்தது.

"சார், வண்டி மேல குத்தம் இல்ல. வண்டி திருப்பின பக்கம் திரும்புச்சு" என்றேன்.

இன்ஸ்பெக்டர் யோசித்தார். பிறகு வண்டிச் சான்றிதழுக்குக் கையெழுத்துப் போட்டார். கையை நீட்டி முதலாளியின் லைசென்ஸை வாங்கித் தம் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "வண்டி போகலாம். நீரு ஓட்டக் கூடாது."

"தோணில சுக்கான நான் பிடிச்சதே இல்ல சார். அதுக்கு வேற ஆளு. நான் சொல்லுவேன், அவன் திருப்புவான்" என்றார் முதலாளி. முகம் தெளிந்திருந்தது.

"சொல்லவும் கூடாதுவே" என்றார் இன்ஸ்பெக்டர்.

ஆபீஸ் முத்திரை பூட்டிய பெட்டியில் இருந்தது. மறுநாள் காலையில்தான் ஆபீஸ் திறக்கும். திறந்ததும் நானே சான்றிதழில் குத்தி, சைக்கிளில் உப்பளத்துக்குக் கொண்டுபோனேன். அப்படிக் கொண்டுபோய்க் கொடுக்க எந்த விதியும் இடம் தரவில்லை. லாரி வரப்பில் நின்றது. ராணுவத்தில் லாரி ஓட்டிவிட்டு வந்த ஒருவர் ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருந்தார். உப்பளத்துக்காரர் காகிதத்தை வாங்கி முத்திரையைத் தடவிப் பார்த்துவிட்டு, ஏற்றச் சொன்னார்.

உப்பு நிறைந்ததும் முதலாளி ஏறி, டிரைவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்தார். லாரி ரோட்டில் ஏறியது. நான் பின்னால் சைக்கிளில். தூரத்தில் எதிரே ஒரு மாட்டுவண்டி வந்தது. டிரைவர் அமைதியாக இடப்பக்கம் ஒதுக்கினார். முதலாளி இரண்டு கையாலும் முன்பலகையைப் பிடித்துக்கொண்டு கண்களை இறுக மூடிக்கொள்வது பக்கக் கண்ணாடியில் தெரிந்தது. மாட்டுவண்டி கடந்து போன பிறகும் வெகுநேரம் திறக்கவில்லை.