அக்காவின் சுமைதாங்கி

புதுக்கோட்டையிலிருந்து பொன்னமராவதி போகும் சாலையில், எங்கள் ஊருக்குப் பிரியும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு சுமைதாங்கிக் கல் உண்டு. இரண்டு கல் தூண்கள், அவற்றின் மேல் குறுக்காக ஒரு பலகைக் கல், ஆள் கழுத்து உயரம். தலைச்சுமையைத் தரையில் இறக்கினால் திரும்பத் தூக்கிவிட ஆள் வேண்டும். இதில் இறக்கினால் யார் கையையும் எதிர்பார்க்க வேண்டாம். வயிற்றுப் பிள்ளையோடு செத்துப்போன பெண்ணுக்காக அப்படி ஒரு கல் நடுவது வழக்கம். அவள் இறக்காமல் கொண்டுபோன பாரம், வழியில் போகிறவர்கள் தங்கள் சுமையை அதில் வைக்க வைக்கக் குறையும் என்பார்கள். செத்தவள் பார்வை தங்கள் வயிற்றில் பட்டுவிடும் என்று பயந்து, பிள்ளைத்தாய்ச்சிகள் மட்டும் அந்தப் பக்கம் ஒதுங்கமாட்டார்கள். நான் சொல்லும் கல் என் அக்காவுக்கு நட்டது.

நட்டது அவள் மாமனார் வீடு. பலகையின் முகப்பில் மாமனார் பெயரும், அவருடைய தகப்பனார் பெயரும், ‘உபயம்’ என்ற சொல்லும் வெட்டியிருந்தன. அக்கா பெயர் இல்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கும் வெளியூர்க்காரன், பிள்ளைவலியில் செத்தது அந்தப் பெரிய மனிதர்தான் என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று நான் பொருமுவேன். எனக்கு அந்தக் கல்லைக் கண்டாலே ஆகாது. நிறைமாசத்திலும் அவளைக் கிணற்றுக்கும் களத்துக்கும் விரட்டியவர்கள், செத்த பிறகு ஊர்ச்சுமையையும் அவள் தலையில் ஏற்றிவிட்டார்கள் என்றுதான் எனக்குப் பட்டது.

எங்கள் ஆத்தாவுக்கு, அதாவது எங்களைப் பெற்றவளுக்கு, அது அப்படிப் படவில்லை. சந்தை நாளில் காலையிலேயே சாலையோரம் போய் நின்றுவிடுவாள். கத்தரிக்காய்க் கூடை, விறகுக்கட்டு, கடலை மூட்டை என்று ஒவ்வொன்றாகக் கல்லில் இறங்குவதைப் பார்ப்பாள். நிறையச் சுமை இறங்கிய நாளில்தான் வீட்டில் வயிறாரச் சாப்பிடுவாள்.

பிறகு அந்தச் சாலையில் பஸ் ஓடத் தொடங்கியது. கூடைக்காரிகள் கூடையை பஸ் கூரையில் ஏற்றிவிட்டு, சேலையை உதறிக் கட்டிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தார்கள். கல்லில் காக்கைதான் உட்கார்ந்தது. ஆத்தா என்னென்னவோ செய்து பார்த்தாள். கல்லுக்குப் பக்கத்தில் மோர்ப்பானை வைத்தாள். வெறுங்கையோடு போகிறவர்கள்தான் வந்து குடித்துவிட்டுப் போனார்கள். கடைசியில் வெட்கத்தை விட்டு, காய்கறிக் கூடை சுமக்கும் பக்கத்து வீட்டுக்காரியிடமே கேட்டாள்.

“ஒரு வாரம் பஸ்ஸுல போ. ஒரு வாரம் நடந்து போயேன்.”

“ஒம் மகளுக்குப் பாரம் கொறையணும்னு நாங்க கழுத்து ஒடியச் சொமக்கணுமாக்கும். நல்லாத்தான் இருக்கு ஒன் நாயம்.”

அவள் சொன்னதில் தப்பே இல்லை. எனக்கும் உள்ளுக்குள் அதே எண்ணம்தான். ஆனாலும் ஆத்தா தலையைக் குனிந்துகொண்டு திரும்பி வந்ததைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. அதற்கப்புறம் அவளே வீட்டு விறகைக் கட்டிக் கல்வரைக்கும் சுமந்துபோய், வைத்து எடுத்துத் திரும்பச் சுமந்து வந்தாள்.

“வச்சதை நீயே தூக்கிட்டு வந்தா அவளுக்கு என்னத்தக் கொறையும்?” என்று ஒருநாள் கேட்டேன்.

“நான் தூக்கிட்டு வர்றது வெறகு. அவ சொமை அங்கிட்டே எறங்கிரும்” என்றாள்.



உலகச் சண்டைக் காலம் வந்தது. பெட்ரோல் கிடைக்கவில்லை. பஸ்ஸின் முதுகில் கரி அடுப்பைக் கட்டி, அதில் வரும் கரிவாயுவில் ஓட்டினார்கள். அது புகையைக் கக்கிக்கொண்டு பாதி வழியில் நின்றது, பல நாள் வரவே இல்லை. ஊரே கண்டக்டரையும் சமஸ்தானத்தையும் வாய்க்கு வந்தபடி ஏசியது. கூடைகள் மறுபடி தலைக்கு ஏறின. உலகம் பற்றி எரிந்ததில் ஒரு நன்மை கண்டவள் எனக்குத் தெரிந்து எங்கள் ஆத்தா ஒருத்திதான்.

அதற்குள் எனக்குப் பக்கத்து ஊரில் கல்யாணமாகி, ஏழாவது மாசம். வளைகாப்பு முடிந்து என்னைக் கூட்டிப்போக ஆத்தா வந்தாள். பஸ்ஸுக்குக் காத்திருந்து அலுத்துப்போய் நடக்கத் தொடங்கினோம். என் தகரப்பெட்டி, அதன் மேல் பலகார மூட்டை, இரண்டும் அவள் தலையில். தண்ணீர்ச் செம்பைக்கூட என்னிடம் தரவில்லை. வழியெல்லாம் அவளுக்கு மூச்சு இரைத்தது. கல் கண்ணில் பட்டதும், நல்லவேளை, இறக்கி வைத்துக் கொஞ்சம் ஆறிக்கொள்வாள் என்று நினைத்தேன்.

ஆத்தா சட்டென்று சாலையின் எதிர் ஓரத்துக்குத் தாண்டினாள். ஒரு கையால் பெட்டியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் என் மணிக்கட்டைப் பற்றி இழுத்தாள்.

“ஆத்தா, நான் இங்கிட்டே நிக்கிறேன். நீ போயி எறக்கி வச்சுட்டு வா.”

“பேசாம வா. அங்கிட்டுத் திரும்பிப் பாக்காத.”

அவள் முகத்தில் இருந்தது பயம். பெற்ற மகளையே, செத்துப்போன என் அக்காவையே கண்டு பயம்.

கூப்பிடு தூரம் போனதும் அவள் கழுத்து தாங்கவில்லை. பெட்டியைத் தரையில் இறக்கினாள். இறக்கியதைத் திரும்பத் தலைக்கு ஏற்ற அவள் ஒருத்தியால் முடியவில்லை. என்னைக் குனியவும் விடவில்லை. தூக்கிவிட யாராவது வரட்டும் என்று வெயிலில் நின்றோம். சாலையில் ஆள் நடமாட்டமே இல்லை. பின்னால் கல் வெறுமையாக நின்றது.

ஆத்தா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதாள். “ஊர்ல எத்தன பேரக் கெஞ்சியிருப்பேன். இன்னைக்கு நானே வைக்காம வந்துட்டேனே. அவ பாத்துக்கிட்டுத்தானே இருந்திருப்பா.”

அத்தனை வருஷம் வெறுத்த கல்லிடம் எனக்கு அப்போதுதான் ஓடிப்போய், பலகையில் கையை வைத்து, அக்கா என்று ஒரு வார்த்தை கூப்பிடவேண்டும்போல் இருந்தது. அந்தப் பக்கம் ஓர் அடி வைத்தேன். ஆத்தா என் மணிக்கட்டை விடவில்லை. வளைகாப்புக்குப் போட்ட புது வளையல்கள் சதையில் அழுந்தி வலித்தன.